அஞ்சலை படித்த கடிதம்

1980 ஜனவரியில் மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்குச் சம்பளமில்லா வாத்தியாராகப் போனேன். பெரியவர்களுக்குத் தமிழ் எழுத்தறிவிக்கும் வேலை. சேவை மனப்பான்மை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் வேலை பார்த்த பள்ளியின் தலைமையாசிரியர் மட்டும், என் வாயிடமிருந்து ஓராண்டு விடுதலை என்று விடுப்புக் கடிதத்தில் உடனே கையெழுத்துப் போட்டார்.

சென்னையிலிருந்து பினாங்குக்குக் கப்பலில் ஆறு நாள். மறுநாள் தாப்பா. அங்கிருந்து ரிங்லெட்டுக்குப் பஸ், டிக்கெட் இரண்டு வெள்ளி; ரிங்கிட்டை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். நாற்பத்தைந்து கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம். வளைவுகளை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன். பிறகு தோட்டத்து லோரி. கட்டணமில்லை, டிரைவர் முனியாண்டிக்கு ஏதாவது கதை சொன்னால் போதும். அதில் நான் தாராளம்.

வகுப்பு மாலை ஐந்து மணிக்கு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் கொட்டகையில். கொழுந்து பறிக்கும் பெண்கள் பதினொருவர் வருவார்கள். அவர்களோடு கொழுந்து பறிக்கும் அஞ்சலை வகுப்புக்கு வரமாட்டார்; கடிதம் வந்தால் மட்டும் படித்துக்காட்டச் சொல்லி வருவார். கணவர் இல்லை. ஒரே மகள் செல்விக்குப் பினாங்குத் தொழிற்சாலையில் வேலை.

மார்ச்சில் வந்த கடிதத்தில், கூட வேலை செய்யும் ஒருவரைப் பிடித்திருக்கிறது, யாரிடமும் சொல்லாதே அம்மா என்று எழுதியிருந்தாள். நானும் யாரிடமும் சொல்லவில்லை. முனியாண்டியிடம் மட்டும் சொன்னேன், அதுவும் பெயர் சொல்லாமல். அந்தத் தோட்டத்திலிருந்து பினாங்கு போன பெண் அவள் ஒருத்திதான் என்பது எனக்கு உறைக்கவில்லை. மறுநாள் பெரட்டில் அதுதான் பேச்சு. தாய்மாமன் பினாங்குக்கே போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தார். அதோடு செல்வியின் கடிதங்கள் நின்றன.

மன்னிப்புக் கேட்கப் போனேன். அஞ்சலை அடுப்பைப் பார்த்தபடி சொன்னார்: “ஒங்க வாயி பிரேக் இல்லாத லோரி லா, வாத்தியாரே. எம்மவ இனிமே எனக்கு எழுதமாட்டா.”

விறகை உள்ளே தள்ளிவிட்டு, “எனக்கே படிக்கச் சொல்லிக் குடுங்க. வேற பேச்சு வேணாம்” என்றார்.

ஐந்து மாதம், மழையிலும் வந்தார். ஆகஸ்டில் அவரே இரண்டு வரி எழுதி அனுப்பினார்: ‘இனி நானே படிப்பேன். எழுது செல்வி.’ லோரியில் ஏறிய கூட்டம்போல எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. நான் திருத்தவில்லை.

பதினாறாம் நாள் பதில் வந்தது. வகுப்பு முடிந்ததும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படித்தார். இரண்டு பக்கத்துக்கு நாற்பது நிமிடம். நடுவில் அழுதார், பிறகு சிரித்தார். நான் கரும்பலகையை மூன்று முறை துடைத்தேன். ஓரிடத்தில் தடுமாறி என்னைக் கூப்பிட்டார். கறை ஏறிய உள்ளங்கை ஒன்றால் மேல்வரிகளையும் மற்றதால் கீழ்வரிகளையும் மூடிக்கொண்டு, “இது மட்டும் என்னா?” என்றார்.

“ஞாயித்துக்கிழமை.”

“செரி, போங்க.”

அந்த ஞாயிறு காலை நல்ல சேலையில் லோரி ஏறி ரிங்லெட் போனார். இறக்கிவிட்டு வந்த முனியாண்டி என்னைப் பிடித்துக்கொண்டார்: “அக்கா எதுக்கு வாத்தியாரே போவுது? ஒங்களுக்குத் தெரியாமலா?”

“தெரியாது” என்றேன். மனுஷன் நம்பவேயில்லை. மாலையில் அஞ்சலை மகளோடு திரும்பினார். ஒரே குடைக்குள் இருவரும் பேசிக்கொண்டே தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளை நோக்கி நடந்தார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: கம்பளிச் சட்டை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் முன் இருக்கை கேளுங்கள். யாராவது கடிதம் நீட்டினால் படித்துக்காட்டிவிட்டு, அவருக்கே படிக்கவும் சொல்லிக்கொடுங்கள். செல்வி விஷயம் என்ன ஆயிற்று என்று மட்டும் அஞ்சலையிடம் கேட்காதீர்கள், சொல்லமாட்டார். நான் மூன்று முறை கேட்டாயிற்று.