நான் படித்து முடித்த நாற்பது புத்தகங்கள்

எல்லைக்கு அப்பால், பிரிட்டிஷ் இந்தியாவில், புதிதாகத் தொடங்கிய ஒரு பல்கலைக்கழகம் தன் நூலகத்துக்கு உலக இலக்கியம் சேர்த்துக்கொண்டிருந்தது. பிரெஞ்சு நூல்களைத் தேர்ந்தெடுத்துத் தர ஓர் ஆள் தேவைப்பட்டது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட பாகூரில் பிரெஞ்சு வாத்தியாராக இருந்த நான் அந்த ஆளாகிவிடத் துடித்தேன். என் அலமாரியிலிருந்த நாற்பது புத்தகங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே என் கருத்தையும் எழுதி அனுப்பினேன். 'நெஞ்சைப் பிழியும் முடிவு' என்று மட்டும் பதினொரு இடங்களில் இருந்தது.

அசந்துபோன நூலகர் நேரிலேயே வந்துவிட்டார். புத்தகங்களை மாட்டுவண்டியில் ஏற்றி, இருவரும் புறப்பட்டோம். போய்ச் சேர்ந்ததும் நியமனக் கடிதம் தருவதாகச் சொன்னார்.

கிருமாம்பாக்கம் தாண்டியதும் சுங்கச்சாவடி. சேவகர் ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். புரளவில்லை.

"இன்னா வாத்தியாரே, தாளெல்லாம் பை மாதிரி மூடிக்கினு கீது? உள்ள இன்னா, தங்கத் தகடா?"

"ஒண்ணும் இல்லப்பா."

"இதுவும் மூடிக்கினுதான் கீது. அல்லாத்தையும் எறக்கு. கடலூர்லேர்ந்து தொர வந்து பாக்கட்டும்."

நூலகர் பதறிப்போனார். "விவரத்தைச் சொல்லுங்க சார், உங்களுக்குத் தெரியுமே!"

தெரியும். அதுதான் வினை. சொல்லாவிட்டால் புத்தகங்கள் போகும். சொன்னால் நான் போவேன். சேவகர் பக்கம் திரும்பிச் சொன்னேன்.

"பிரெஞ்சுப் புஸ்தகம் வர்றதே இப்படித்தான். ஓரத்தை வெட்டாம மடிச்சே தைச்சிருவாங்க. படிக்கிறவன்தான் கத்தியால கீறிக் கீறிப் படிக்கணும்."

சேவகர் பேனாக்கத்தியால் ஒரு மடிப்பைக் கீறினார். உள்ளே எழுத்துதான்.

"அட, படிக்காத புஸ்தகம்! இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? ஓட்டு வண்டிய!"

வண்டி நகரவில்லை. நூலகர் என்னைப் பார்த்தார். பிறகு இறங்கி, ஒவ்வொரு புத்தகமாகத் திறக்க ஆரம்பித்தார். மூன்று புத்தகங்கள் திறந்தன. முப்பத்தேழு திறக்கவில்லை. எனக்கே அதிர்ச்சி, பத்துப் புத்தகமாவது திறக்கும் என்று நம்பியிருந்தேன்.

திறந்த மூன்றையும் கையில் எடுத்துக்கொண்டார்.

"மத்ததையும் படிச்சிருங்க சார். அப்புறம் பாக்கலாம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த 'சாரை'த் தாங்க முடியவில்லை. கடலூர் பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார்.

வண்டிக்காரர் மாடுகளைத் திருப்பினார். கொஞ்ச தூரம் போனதும் நிஜமாகவே அறிந்துகொள்ளும் ஆசையில் கேட்டார்: "ஏன் வாத்தியாரே, இத்தினி வருசமா வூட்ல இன்னாதான் பண்ணிக்கினு இருந்தீங்க?"

பாகூர் வரும்வரை யோசித்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.