ஒரே ஒரு தமிழ்ப் பிள்ளை உள்ள ஊர்

ஜேர்மனியில், வுப்பர்டாலில் இருந்து பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்தில் ஒரு சின்ன ஊர். தொண்ணூறுகளின் நடுவில் அங்கே எட்டுத் தமிழ்க் குடும்பங்கள் இருந்தோம். ஆனால் பள்ளிக்கூட அலுவலகத்துக் கோப்பின்படி, அந்த ஊரில் தமிழ் பேசும் பிள்ளை ஒன்றே ஒன்றுதான்.

அந்தக் கணக்குப் பிழைத்ததற்கு நாங்கள்தான் காரணம். மகளை முதலாம் வகுப்பில் சேர்க்கத் தந்த படிவத்தில், வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு கேள்வி இருந்தது. எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் இருந்த தமிழ் அக்கா என்னை முன்பே எச்சரித்திருந்தார்.

“தமிழ் எண்டு எழுதிப்போடாதையும். பிள்ளைக்கு டொச் விளங்காதெண்டு, படிப்பு ஏறாத பிள்ளையளின்ர பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிப்போடுவாங்கள்.”

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். எந்தப் படிவத்தையும் யாராவது சொல்லித் தந்தபடிதான் நிரப்புவேன். வீட்டு மொழி டொச், அதாவது ஜேர்மன், என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அக்கா எல்லா வீடுகளிலும் அதையே சொல்லியிருந்தார். ஒருவரைத் தவிர எல்லோரும் அதையே எழுதியிருந்தோம்.

இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் மகள் என்னோடும் டொச்சிலேயே கதைக்கத் தொடங்கினாள். நான் தமிழில் கேட்பேன், அவள் டொச்சில் பதில் சொல்வாள். ஒரு நாள் பள்ளிக்கூடத்தால் அழுதுகொண்டு வந்து கன நேரம் ஏதோ சொன்னாள். பாதிகூட எனக்கு விளங்கவில்லை. விளங்கியதுபோலத் தலையை ஆட்டினேன். அவள் இடையில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழும்பி அறைக்குள் போய்விட்டாள்.

எட்டு வயதில் அழுவதே விளங்கவில்லை. பதினாறு வயதில் அழுதால்? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. நானே தமிழ் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாளே இரண்டு பேரும் கோபித்துக்கொண்டோம்.

பக்கத்து நகரத்தில் பின்னேரங்களில் பள்ளிக்கூடத்திலேயே தமிழ் படிப்பிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் கோப்பைப் புரட்டினாள். ஒரு பிள்ளைக்காக ஆசிரியரை அனுப்ப முடியாது என்றாள். அதோடு, பின்னேரம் காலியாக இருக்கும் அறையைக் கொம்பியூட்டர் அறையாக்கப் போகிறார்களாம். அடுத்த மாதம் ஊர்ச்சபையின் பள்ளிக்கூடக் குழு கூடி இரண்டையும் முடிவு செய்யும். யார் வேண்டுமானாலும் வந்து கேள்வி கேட்கலாம்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன்.

“பொய் எழுதினதெண்டு நீரே போய்ச் சொல்லப்போறீரோ? விசாவுக்கு என்ன நடக்குமெண்டு தெரியுமோ?”

“தெரியாது.”

“பிறகு?”

“தெரியாமலே போய்ச் சொல்லப்போறன்.”

சொல்லிவிட்டேனே தவிர, குசினிக்குள் போய், கழுவி வைத்த பாத்திரங்களையே திரும்பக் கழுவினேன்.

முதலில், உண்மையை எழுதியிருந்த அந்த ஒருவரைத் தேடிப் போனேன். ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர். என்ன துணிச்சலில் அண்ணை எழுதினீங்கள் என்று கேட்டேன். “எனக்கு அந்த யோசனை வரேல்லைத் தங்கச்சி. வந்திருந்தா நானும் உங்களைப் போலத்தான் எழுதியிருப்பன்” என்றார்.

‘எங்கள் வீட்டில் தமிழ் பேசுகிறோம்’ என்று டொச்சில் ஒற்றை வரி எழுதி, அந்தத் தாளோடு வீடு வீடாக ஏறினேன். எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள். மேல்மாடி அக்காதான் கதவைப் பாதி திறந்தபடி நின்றார்.

“விசரே உமக்கு? எழுதினது எழுதினதா இருக்கட்டும்.”

“உங்கட வீட்டில என்ன பாஷை அக்கா?”

“பிள்ளையளோட டொச். மனுசனோட சண்டை.”

“சண்டை எந்தப் பாஷையில?”

அக்கா சிரிப்பை அடக்கப் பார்த்தார். “அது தமிழிலதான்.”

“அப்ப வையுங்கோ கையெழுத்தை.”

கூட்டம் பின்னேரம் ஐந்து மணிக்கு. கொம்பியூட்டர் எத்தனை வாங்குவது, எந்தப் பள்ளிக்கு முதலில் கொடுப்பது, அதைப் படிப்பிக்க யாருக்குத் தெரியும் என்று ஒரு மணி நேரம் வாதாடினார்கள். ஒரு கிழவர், பிள்ளைகள் முதலில் கூட்டல் கழித்தல் படிக்கட்டும் என்று மேசையில் தட்டினார். நான் பாடமாக்கி வந்த வசனங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தன.

என் முறை வந்தது. எழும்பி, தாளை நீட்டி, நாங்கள் பிழையாக எழுதினோம், எங்கள் வீடுகளில் தமிழ்தான் பேசுகிறோம் என்று சொன்னேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“அப்போதும் நீங்கள்தான் கையெழுத்து வைத்தீர்கள். இப்போதும் நீங்கள்தான். நாங்கள் எதை நம்புவது?”

நியாயமான கேள்வி. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“நான் கதைக்கிற டொச்சைக் கேட்கிறீர்கள்தானே? இது டொச் பேசுகிற வீட்டில் இருந்து வருகிற டொச்சா?”

கொம்பியூட்டர் வேண்டாம் என்ற கிழவர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். எனக்கு முகம் எரிந்தது. ஆனால் உட்காரவில்லை. தலைவர் தாளை வாங்கிக் கையெழுத்துகளை எண்ணும் வரைக்கும் நின்றேன்.

அறை கொம்பியூட்டருக்கே போனது. எங்களுக்குக் கீழ்த்தளத்தில் கைவேலை அறை, புதன்கிழமைகளில் இரண்டு மணி நேரம். ஆசிரியையைப் பக்கத்து நகரத்தில் இருந்து அனுப்புவார்கள். ஒரு வருடம் பரீட்சார்த்தமாகத்தான். பிள்ளைகளின் வரவு குறைந்தால் நிறுத்திவிடுவார்கள்.

அந்தக் கடைசி நிபந்தனையே என்னை ஓட வைக்கப் போதுமாக இருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் ரெலிபோன் எடுத்தேன். பிள்ளைக்குக் காய்ச்சலாம் என்றால், எத்தனை பாகை என்று கேட்டேன். என்னைத் தமிழ்ப் பொலிஸ் என்று சொல்லிச் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும்.

மூன்றாவது புதன்கிழமை எண்ணிப் பார்த்தபோது ஒரு பிள்ளை குறைந்தது. என்னுடைய மகள்.

சிநேகிதி வீட்டில் புதிதாக வாங்கிய முயலைப் பார்க்கப் போயிருக்கிறாள் என்று மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள். மழைக்குள் ஓடிப்போய் அந்த வீட்டு மணியை அடித்தேன். சிநேகிதியின் தாய் கதவைத் திறக்க, உள்ளே முயலை மடியில் வைத்திருந்த மகள் என்னைக் கண்டு சிவந்துபோனாள்.

“அம்மா, வெட்கமாக இருக்கிறது” என்றாள் டொச்சில்.

“வெட்கத்தைப் பிறகு படுவம்” என்றேன் தமிழில். “இப்ப முயலை இறக்கிப்போட்டுக் காலில சப்பாத்தைப் போடு.”

ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். முயலை இறக்கிவிட்டு, சப்பாத்தைத் தேடினாள்.