ஓலை வாசித்த மூன்று ஞாயிறுகள்

நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவன் நான். மரபணுப் பாடமும் என்னுடையதுதான்.

அம்மா மார்புப் புற்றுநோயில் இறந்தாள். பிறகு அக்காவுக்கும் வந்தது. ஒரு மரபணுப் பிழையே காரணம், உடன்பிறந்தவர்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள் மருத்துவர்கள். ஊரில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று களியக்காவிளை எல்லையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போய், என் பழைய மாணவி நடத்தும் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் கொடுத்தேன்.

"சாரே, பிராக்டிகல்ல எங்கள நிறுத்தி வச்சுக் கேள்வி கேப்பீங்கல்லா? இண்ணு நீங்க நில்லுங்க," என்று சிரித்தபடி திரையைக் காட்டினாள்.

டி.என்.ஏ.யில் சரியான எழுத்து இருந்தால் ஒரு சாயம் ஒளிரும்; திரையில் பச்சைக் கோடு ஏறும். பிழை இருந்தால் இன்னொரு சாயம், மஞ்சள் கோடு. பச்சை ஏறியது. பக்கத்திலேயே மஞ்சளும் ஏறியது; என் இரண்டு பிரதிகளில் ஒன்றில் பிழை. அவள் சிரிப்பு நின்றது.

"மகளுக்கும் இந்தப் பிழை வர பாதிக்குப் பாதி சான்ஸ் உண்டு சார். சீக்கிரம் கூட்டிட்டு வாங்க."

மகளுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் சபையில் மூன்று ஞாயிறு திருமண ஓலை வாசிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் சற்று நிறுத்துவார். நோய் அப்படியொரு தடை அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயத்தில் மூன்று ஞாயிறும் சட்டை நனைய உட்கார்ந்திருந்தேன். கல்யாணம் முடிந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு, குழந்தை பிறக்கட்டும் என்றேன். ஐந்து ஆண்டுகள் போய்விட்டன.

போன மாதம் மகள் போனில், "அப்பா, மாருல கட்டி மாதிரி இருக்கு," என்றாள். சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்தான்.

அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அஞ்சு வருசமாத் தெரியுமா?"

"தெரியும் மக்கா."

"வருசா வருசம் செக் பண்ணியிருந்தா மொதல்லயே கண்டுபிடிச்சிருக்கலாம்லா?"

கண்டுபிடித்திருக்கலாம். மருமகன் சுவரைப் பார்த்தபடி பேசினார்:

"அண்ணைக்கே சொல்லியிருந்தாலும் நான் இவளக் கெட்டியிருப்பேன் மாமா."

வரும் புதன்கிழமை அறுவை சிகிச்சை. எவ்வளவு பரவியிருக்கிறது என்பது அதன் பிறகுதான் தெரியுமாம். ஆஸ்பத்திரிக்கு நானும் வருகிறேன் என்றேன். மகள் நான்கு வயதுப் பேத்தியின் பையை என் கையில் கொடுத்தாள்.

"வேண்டாம். இவளுக்கு எப்பம் டெஸ்ட் எடுக்கணும், எப்பம் சொல்லணும்னு நான் பாத்துக்கிடுவேன். நீங்க நேரத்துக்குச் சோறு குடுங்க, போதும்."