மண்டிக்காரர் மாற்றிக்கொண்ட வண்டி

கொள்ளு அறுவடை மாதங்களில் பாலக்கோட்டிலிருந்து மாரண்டஹள்ளிக்கு மோட்டார் சைக்கிளில் போனவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். பிடுங்கிய கொள்ளுச் செடியைக் காயவைத்துத் தார் ரோட்டின் மேல் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் அதன் மேல் ஏறிப் போரடித்துக் கொடுக்கும். களம் மெழுக வேண்டாம், மாடு கட்ட வேண்டாம். பஸ் டிரைவர்கள் திட்டிக்கொண்டே மிதித்துவிட்டுப் போவார்கள். இரண்டு சக்கரக்காரன் பாடு வேறு. மேலே செடி மெத்தை மாதிரித் தெரியும், அடியில் உதிர்ந்த கொள்ளு அத்தனையும் கோலிக்குண்டு. அதன் மேல் போகும்போது பிரேக்கைத் தொடக் கூடாது.

எனக்கும் இது தெரியும். ஆனால் அன்று செடிக்கு நடுவே படுத்துத் தின்றுகொண்டிருந்த ஆடு ஒன்று, நான் நெருங்கும் நேரம் பார்த்து எழுந்து நின்றது. கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விட்டது. வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். என் இடது கால் மட்டும் வண்டியோடு போயிருந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. நான் ஆயில் என்ஜின் மெக்கானிக். கரண்ட் எட்டாத கிணறுகள் அப்போது ஏராளம். ஒவ்வொரு கிணற்று மேட்டிலும் ஓர் என்ஜின் புகை விட்டுக்கொண்டிருக்கும், அது நின்றால் என்னைத் தேடுவார்கள். பஸ் போகும் ரோட்டை விட்டு வெகுதூரம் உள்ளே இருக்கிற கிணறுகள். மோட்டார் சைக்கிள் இல்லையென்றால் என் தொழில் இல்லை.

எங்கள் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. எதிரெதிரே வந்தால் வண்டியை ஓரம் கட்டி, என்ஜினை அணைத்துவிட்டு இரண்டு வார்த்தை பேசாமல் போக மாட்டோம். எந்த ஊர் எல்லையில் கொள்ளு கொட்டியிருக்கிறது, எந்தப் பாலத்தில் குழி விழுந்திருக்கிறது, இதுதான் பேச்சு. அப்படிப் பேசிப் பேசியே எனக்கு நெருக்கமானவர்கள் மூன்று பேர். எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியார் ஒருவர். வீடு வீடாகக் காய்ச்சல் விசாரிக்க வரும் மலேரியா இன்ஸ்பெக்டர் ஒருவர். மூன்றாமவர் பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருந்தவர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர், என்னைவிட மூத்தவர்.

நான் விழுந்த அன்று எனக்குப் பின்னால் வந்தது சாமியார். பக்கத்து ஊரில் பூசை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். கொள்ளுக்குச் சொந்தக்கார அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"எங்க கொள்ளுதான் சாமி இப்பிடிப் பண்ணிப்புடுச்சு."

"கொள்ளு என்னம்மா பண்ணும்? ஆடு யாரோடது?"

"ஆடும் எங்களுதுதான் சாமி."

அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சாமியார் சிரிக்கவில்லை. செடி கிளறுகிற கவைக்கோலை அவளிடம் வாங்கி, முழங்காலில் வைத்து இரண்டாக முறித்து, என் காலின் இரண்டு பக்கமும் வைத்துத் தன் அங்கியின் இடுப்புக் கச்சையால் கட்டினார். அதற்குள் எதிர்ப்பக்கமிருந்து மண்டிக்காரர் வந்துவிட்டார். வந்த வழியே திரும்பிப் போய், தன் மண்டிக்கு வந்துகொண்டிருந்த தக்காளி வேனை மறித்துக் கூட்டிவந்தார். கூடைகளை எல்லாம் ரோட்டோரம் இறக்கச் சொன்னார். வேனில் என்னைப் படுக்கவைத்து, தருமபுரி ஆஸ்பத்திரி வரை வேனுக்கு முன்னால் ஹாரன் அடித்துக்கொண்டே போனார். அந்தக் கூடைகளில் எத்தனை மிஞ்சியது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் எலும்பை நேராக்கிக் கட்டுப் போட்ட டாக்டர் நல்லவர், ஆனால் மழுப்பத் தெரியாதவர்.

"எலும்பு கூடிரும். பாதத்துக்குப் போற நரம்பு அடிபட்டிருக்கு. அது வரலாம், வராமலும் போவலாம்" என்றார்.

இடுப்பு வரை மாவுக் கட்டோடு வீட்டில் வந்து கிடந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், சும்மா கிடக்கத் தெரியாது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் எலும்புக்கு நல்லது என்று கொள்ளு கொண்டுவந்தார்கள். கொள்ளு ரசம், கொள்ளுக் கடையல், கொள்ளுச் சுண்டல். என்னைத் தள்ளிவிட்டதையே எனக்கு ஊட்டுகிறீர்களே என்று எரிந்து விழுந்தேன். என் மனைவி வாசலில் போய் உட்கார்ந்துகொள்வாள். அவளுடைய அண்ணன், என் மச்சான், ஓசூரில் புதிதாக வந்திருந்த ஒரு கம்பெனியில் எனக்கு வாட்ச்மேன் வேலை பேசிவைத்திருந்தார். காக்கிச் சட்டை போட்டு கேட்டில் உட்காரும் வேலை. வண்டியை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு வந்துவிடு என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் அவர் மேல் அவ்வளவு ஆத்திரம் வந்தது.

நான் கிடக்கிறேன் என்பதற்காக என்ஜின்கள் கெடாமல் இருக்குமா? முதலில் மலேரியா இன்ஸ்பெக்டர் ஒரு காரியம் செய்தார். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் தான் வந்துபோன தேதியை எழுதுவது அவர் வேலை. அந்தத் தேதிக்குக் கீழேயே, "என்ஜின் ரிப்பேர் இருந்தால் பாகத்தைக் கழற்றிக் கொடுக்கவும்" என்றும் எழுத ஆரம்பித்துவிட்டார். காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்கிற மனிதர், அடுத்த கேள்வியாக என்ஜின் ஓடுகிறதா என்று கேட்டார். கழற்றத் தெரியாதவர்களுக்கு, என்னிடம் கேட்டுக்கொண்டு போய்த் தானே கழற்றிக் கொடுத்தார். டீசல் பீய்ச்சும் நாசிலும் பம்பும் வால்வும் சாக்கில் சுற்றி என் கட்டிலுக்கு வந்தன. நான் படுத்தபடியே பழுது பார்த்துத் தருவேன். போகிற வழியில் யார் வண்டி இருக்கிறதோ அதில் திரும்பிப் போகும்.

சாமியார் பூசைச் சாமான் வைக்கும் பையிலேயே நாசிலையும் போட்டுக்கொண்டு வருவார். ஒரு நாள் பூசையில் சனங்களுக்குக் கொடுக்கும் அப்பம் முழுக்க டீசல் வாசனை அடித்துவிட்டதாம்.

"சனங்க ஒண்ணும் சொல்லலீங்களா சாமி?"

"உம் பேரைச் சொன்னேன். பேசாம வாங்கிக்கிட்டாங்க" என்றார்.

கட்டிலைச் சுற்றி எண்ணெய்க் கறை. மனைவி முகம் சுளிக்கவில்லை. அந்த நாற்றம் வீட்டில் இருக்கிற வரைக்கும் நாங்கள் ஓசூர் போக வேண்டியதில்லை என்று அவளுக்கும் தெரியும். அந்த மூன்று பேருக்கும் நான் என்ன உறவு? மூன்று பேரும் எனக்காக ரோட்டில் இறங்கி ஊர் ஊராகப் போனார்கள்.

ஒருவழியாகக் கட்டைப் பிரித்தார்கள். கால் குச்சி மாதிரி இருந்தது. முழங்கால் மெதுவாக மடங்க ஆரம்பித்தது. ஆனால் பாதம்? கீழே அழுத்து என்றால் அழுத்தும். மேலே தூக்கு என்றால் தூக்காது. கட்டை விரலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். கெஞ்சுவேன், திட்டுவேன். அது யாருக்கோ வந்த விருந்து மாதிரி அப்படியே கிடக்கும்.

என் வண்டியில் கியரும் கிக்கரும் இடப்பக்கம். கியரைப் பாதத்தால் அழுத்தவும் வேண்டும், தூக்கவும் வேண்டும். ஊன்றுகோலை விட்ட பிறகு ஒரு நாள் காலையில் வண்டியை வாசலில் இறக்கினேன். உதைக்க வலு இல்லை. மனைவியைத் தள்ளச் சொல்லிக் கிளப்பினேன். முதல் கியர் விழுந்தது. அடுத்ததற்குத் தூக்கினால் பாதம் வரவில்லை. கீழே குனிந்து கையால் தூக்கப் பார்த்தேன். வண்டியோடு சாக்கடையில் விழுந்தேன். அடி ஒன்றும் இல்லை. ஆனால் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பெண்டாட்டி முன்னால் நான் அழுதது அதுதான் முதல் தடவை.

அன்றே மச்சானுக்குச் சொல்லி அனுப்பினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காரிமங்கலத்திலிருந்து வண்டியைப் பார்க்க ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்த ஆள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து டயரை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் மண்டிக்காரர் வந்து இறங்கினார். விஷயத்தைக் கேட்டார். என் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் பாதத்தைக் கையில் எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். என்னைவிட மூத்தவர் என் காலைத் தொட்டதும் எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

"மேஸ்திரி, கீழ அழுத்துங்க பாக்கலாம்."

அழுத்தினேன்.

"இந்த அழுத்து போதுமே. என் வண்டியில எடது கால்ல பிரேக்கு மட்டுந்தான். கியரு, கிக்கரு எல்லாம் வலது பக்கம். இத நீங்க ஓட்டுங்க. உங்களுத நான் எடுத்துக்கிட்டுப் போறேன்."

"அண்ணா, உங்க வண்டி பெரிசு. வெலையும் சாஸ்தி. அதுவுமில்லாம இத்தன வருசமா நீங்க வலது காலுல..."

"கால்தான. சொன்னா கேக்காதா?" என்றவர், வண்டி பார்க்க வந்தவரிடம் திரும்பி, "இது வித்துப்போச்சுங்க, நீங்க காப்பி சாப்புட்டுப் போங்க" என்றார்.

அந்த ஆளும் அவர் சொன்னபடி காப்பி சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். மச்சானுக்கு என் மேல் கொஞ்ச நாள் வருத்தம்.

அந்தப் பெரிய வண்டியில் ஏறி ஊர் எல்லை வரை போய் வந்தேன். இடது கால் பிரேக்கை அழுத்தியது, வண்டி நின்றது. வேறென்ன வேண்டும்? மறுநாளே கிணற்று மேடுகளுக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். ஓசூர் பேச்சு அதோடு முடிந்தது.

மண்டிக்காரர் பாடுதான் திண்டாட்டம். வலது காலால் கியர் போட்டே பழகிய மனிதர். என் வண்டியில் வலது காலுக்கு இருந்தது பிரேக். கியர் போடுகிறேன் என்று பிரேக்கை மிதிப்பார். பஸ் ஸ்டாண்டு எதிரிலேயே நடு ரோட்டில் நின்றுபோவாராம். முழங்கையில் கட்டோடு வந்தார். கேட்டால் தக்காளிக் கூடை கீறிவிட்டது என்றார். இன்னொரு முறை நெற்றியில் பிளாஸ்திரி. கதவு இடித்துவிட்டதாம். மண்டி ஆட்கள் எனக்குச் சொல்லாமல் இருப்பார்களா? எனக்கு எல்லாம் வந்து சேர்ந்தது. திருப்பித் தருகிறேன் என்று நான் வாயெடுத்தாலே, சந்தைக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிடுவார்.

கோடை வந்து, மழை வந்து, திரும்பவும் ரோட்டில் கொள்ளு கொட்டும் காலம் வந்தது. ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது என் கட்டை விரல் லேசாக மேலே வந்தது. பிறகு பாதமே தூக்க ஆரம்பித்தது. மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, மண்டிக்காரரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். அவர் வண்டியைக் கழுவித் துடைத்து, எண்ணெய் மாற்றி வாசலில் நிறுத்தியிருந்தேன். சாப்பிட்டு எழுந்ததும் சாவியை நீட்டினேன். பாதத்தைத் தூக்கியும் காட்டினேன்.

அவர் என் பாதத்தைத்தான் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் சாவியை வாங்கவில்லை.

"நரம்பு இப்பத்தான் வந்திருக்கு மேஸ்திரி. அத வருத்தாதீங்க. எனக்கும் எடது காலு நல்லாப் பழகிப்போச்சு. இனி மாத்துனா நாந்தான் வுழுவேன்" என்றார்.

என் வண்டியில் ஏறி உட்கார்ந்து, என் மனைவிக்குக் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினார். முதல் கியரில் தெருமுனை வரை போனார். அடுத்த கியருக்கு வலது காலைப் போட்டார். வண்டி முட்டிக்கொண்டு நின்றது. விழப் போனவர் காலை ஊன்றிச் சமாளித்து, மெதுவாகத் திரும்பி எங்கள் வாசலைப் பார்த்தார்.

நான் மனைவியின் கையைப் பிடித்து, அவர் கண்ணில் படாமல் கதவுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.