இப்ப கரையில இருக்கேன்

முதலில் கை வலிக்கவே இல்லை. அதுதான் எங்களை ஏமாற்றியது. கட்டுமரத்தைத் தண்ணீரில் தள்ளும்போது அலை அதைத் தூக்கி என் வீட்டுக்காரரின் கழுத்துக்கும் வலது தோளுக்கும் நடுவில் அடித்திருக்கிறது. அவரே எழுந்து வீட்டுக்கு நடந்து வந்தார். தலைத்துண்டை அவிழ்க்கப் போனவர், "இந்தா புள்ள, இந்தக் கைய யாரோ புடிச்சிக்கிட்ட மாரி இருக்கு" என்றார். நான் கையைக் கிள்ளிப் பார்த்தேன். "எங்க கிள்ளுன?" என்று கேட்டார்.

எழுபதுகளின் முடிவில் கருக்களாச்சேரியில் எதற்கும் முதல் வைத்தியம் எண்ணெய் போட்டு நீவுவதுதான். நாங்களும் நீவினோம். தோளில் வீக்கம் வற்றியது, கை மட்டும் தொங்கிக்கொண்டே இருந்தது. பிறகு காரைக்கால் ஆஸ்பத்திரி. அங்கிருந்து புதுச்சேரிக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

புதுச்சேரியில் பார்த்த டாக்டர் நிதானமானவர். பிரேக்கியல் பிளெக்சஸ் (கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புக் கொத்து) பிய்ந்துவிட்டது என்றார். எனக்குப் புரியவில்லை என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். "செடி ஒடிஞ்சா திரும்பத் தழையும்மா. இது வேரோட வந்துடுச்சு" என்றார். பிஸியோதெரபி (விரலும் மூட்டும் இறுகிப் போகாமல் கொடுக்கும் பயிற்சி) சொல்லிக் கொடுத்தார்கள். அது கையை மீட்க அல்ல, இருக்கிறதாவது கெடாமல் வைத்திருக்க.

கிள்ளினால் தெரியாத கையில் நெருப்பு வைத்தது போல எரிகிறது என்பார் அவர். முதலில் நான் நம்பவில்லை. தொட்டால் தெரியாதாம், எரிச்சல் மட்டும் தெரியுமாம், இது என்ன கூத்து என்று நினைத்தேன். நரம்பு அறுந்தவர்களுக்கு அப்படி வரும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் வாயை மூடினேன். உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிச் சொன்னால் நம்புங்கள்.

ஊனமுற்றோருக்கு அரசாங்கம் மாதாமாதம் உதவித்தொகை தருகிறது என்பதை என்னிடம் வாடிக்கையாக மீன் வாங்கும் டீச்சரம்மா சொன்னார். டாக்டர்கள் மூன்று பேர் உட்கார்ந்து பார்த்து, நிரந்தர ஊனம் என்று எழுத வேண்டும். அவ்வளவுதான் என்றார். எனக்கு அது பெரிய விஷயம். என் ஒரு கூடை மீனில் குடும்பம் ஓடவில்லை. உதவித்தொகை இல்லாவிட்டால் எட்டாவது படிக்கும் மகளை நிறுத்தி அவள் தலையிலும் ஒரு கூடையை ஏற்ற வேண்டும். நானும் எட்டாவதோடு நின்றவள். அந்த வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும்.

அந்த மூன்று டாக்டர்கள் முன்னால் முதல் தடவை போனபோது நாங்கள் செய்ததையெல்லாம் நீங்கள் செய்யாதீர்கள். சவரம் செய்துவிட்டேன், சலவைச் சட்டை போட்டுவிட்டேன், நெற்றி நிறைய விபூதி வைத்துவிட்டேன். பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி இருந்தார். புதுச்சேரி டாக்டரிடம் எழுத்தில் எதுவும் வாங்கி வைக்கவும் இல்லை. "எப்படி இருக்கீங்க?" என்று மூவரில் தலைமை டாக்டர் கேட்டார். "நல்லாருக்கேங்க" என்றார் இவர். நம் ஆட்கள் வேறு என்ன சொல்வார்கள்!

"இப்ப என்ன வேலை பாக்கறீங்க?"

"இப்ப கரையில இருக்கேங்க."

"கடலுக்கு எப்ப போவீங்க?"

"காத்து எப்புடி வருதோ, பாப்பம்ங்க."

டாக்டர் எழுதிக்கொண்டார். அவர் நல்ல தமிழ்தான் பேசினார், ஆனால் கடற்கரை ஆள் இல்லை. எங்கள் ஊரில் இனிமேல் கடலுக்குப் போகமாட்டேன் என்று யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். சொன்னால் கடலில் இருக்கிற மற்றவர்களுக்கு ஆகாது. கால் மடக்க முடியாத கிழவரைக் கேட்டாலும் "இப்ப கரையில இருக்கேன்" என்றுதான் சொல்வார். அந்த "இப்ப" சாகிற வரைக்கும் நீளும். கேட்கிற எங்களுக்கு அது தெரியும்.

டாக்டருக்குத் தெரியவில்லை. தற்காலிக ஊனம், உதவித்தொகைக்குத் தகுதியில்லை என்று வந்தது. உதவித்தொகை ஆபீசுக்குப் போய்ச் சண்டை போட்டேன். "அவரு சொன்னதத்தானேம்மா எழுதியிருக்கு?" என்றார் கிளார்க். பிறகு அவரே, மறுபடியும் பார்க்கச் சொல்லி மனுப் போடலாம் என்று வழியும் சொன்னார்.

இந்தத் தடவை புதுச்சேரிக்குப் போய் டாக்டரிடம் எழுதி வாங்கி வந்தேன். பல் தேய்ப்பது, கோவணம் கட்டுவது, சோறு பிசைவது என்று அவரால் முடியாததையெல்லாம் மனப்பாடம் செய்தேன். ஆனால் கேட்கிற கேள்விக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டுமாம், பெண்டாட்டி சொன்னால் செல்லாதாம். அதனால் அவருக்குச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தேன்.

"இனிமே கடலுக்குப் போவ முடியாதுங்கன்னு சொல்லுங்க. அவ்ளோதான்."

"தம்பி கடல்ல இருக்கான் புள்ள."

"ஒங்க தம்பிய கடலாத்தா பாத்துக்குவா. ஒங்க மவள யாரு பாக்குறது? அழுத புள்ளதான் பால் குடிக்கும்."

"நீ அழுவு. என் வாயால அது வராது."

அன்றைக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. கை போனது போதாதென்று வாயும் போய்விட்டதா என்று கேட்டுவிட்டேன். இரண்டு நாள் அந்த வீட்டில் சட்டிபானைதான் பேசியது.

இரண்டாவது தடவை தலைமை டாக்டர் வேறொருவர். புதுச்சேரிக் கடிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "இதுல இருக்கறது இருக்கட்டும். நீங்க சொல்லுங்க. கடலுக்குப் போவீங்களா?"

இவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் வாயைத் திறந்தேன். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். போயிற்று, மகள் பள்ளிக்கூடம் போயிற்று என்று நினைத்தேன்.

இவர் இடது கையால் வலது கையின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, மேசைமேல் வைத்தார்.

"நான் போவேங்க," என்றார். "இது வராது."

"இன்னும் கொஞ்ச நாள் ஆனா?"

"எப்பவும் வராதுங்க."

டாக்டர் அந்தக் கையைத் தொட்டு, விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். பிறகு எழுதினார். நிரந்தரம்.

நான் கேட்டு வாங்கிய வார்த்தை அது. ஆனால் பஸ்ஸில் வரும்போது எனக்குச் சந்தோஷமாக இல்லை. அவர் வாயால் அதைச் சொல்லும் வரை, ஒருநாள் கை வந்துவிடும் என்று நானும் உள்ளுக்குள் நினைத்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

கை விழுந்த பிறகும் அவர் விடியுமுன் எழுந்து காற்றைப் பார்த்துவிட்டு வருவார். உதவித்தொகைக்கு உத்தரவு வந்த மறுநாள் எழுந்திருக்கவில்லை. வெயில் வாசலுக்கு வந்துவிட்டது. மகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போய்விட்டாள். அவர் கண்ணைத் திறந்தபடி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"எந்திரிங்க. பொழுது போயிட்டு."

"எந்திரிச்சி?"

வெளியே மீன் கூடை ஐஸ் வடிந்துகொண்டு இருந்தது.

"கூடையத் தூக்கி வுடணும்," என்றேன். "தெனம் யார்யாரையோ கூப்புடுறேன்."

எழுந்து வந்தார். ஒரு பக்கம் நான் பிடித்தேன், மறுபக்கம் அவர் இடது கையைக் கொடுத்து முழங்காலால் முட்டுக் கொடுத்தார். ஒற்றைக் கைக்கு நேராக வைக்க வரவில்லை, கூடை சாய்ந்துதான் தலைக்கு வந்தது. அதற்குத் தகுந்தபடி நான் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நடந்தேன். அதற்குப் பிறகு என் கூடையை வேறு யாரும் தூக்கிவிட்டதில்லை. இப்போது கூடை தூக்குவதை விட்டுவிட்டேன், ஆனாலும் போட்டோவுக்கு நின்றால், "ஆயா, கழுத்த நேரா வையுங்க" என்கிறார்கள். நேராகத்தான் வைத்திருக்கிறேன்.