பின்வரிசை முகம்

சித்தப்பா சினிமாவில் ஃபோகஸ் பார்த்தவர். கதாநாயகியின் கண் வரை டேப்பைப் பிடித்து அளந்து, லென்ஸைத் திருகி, அவள் முகத்தைத் தெளிவாக வைப்பது அவர் வேலை. சித்தி அதே படங்களில் பின்வரிசையில் ஆடியவள். முன்னால் இருப்பவள் தெளிவாகத் தெரிந்தால் பின்வரிசை மங்கத்தான் செய்யும். கட்டிக்கொண்ட பிறகும் மனுஷன் துளி சலுகை காட்டவில்லை. எத்தனையோ படம் ஆடியும் சித்தியின் முகம் ஒன்றில்கூடத் தெரியாது. "மங்க வைக்கிறதுக்குன்னே என்னைக் கட்டிக்கிட்டாரு" என்று வாய் ஓயாமல் சொல்வாள்.

படக் கம்பெனியை மூடியபோது அவர் கேட்டு வாங்கி வந்த லென்ஸ், சித்தியின் புடவைகளுக்கு நடுவே கிடந்தது. போன வாரம் என் புது மிரர்லெஸ் கேமராவில் பழைய லென்ஸைப் பொருத்தும் ஒரு வளையத்தைப் போட்டு அதை மாட்டினேன். சித்தப்பா உடனே டேப்பைத் தேடி எடுத்தார்.

"ஃபோகஸ் சரியா இருக்கான்னு கேமராவே திரையில காட்டுமே, சித்தப்பா."

"நீ சும்மா இரு" என்றவர், டேப்பின் நுனியைச் சித்தியின் கண்ணருகே நீட்டினார். இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை அளந்தது அதுதான் முதல் தடவை. வெளிச்சத்துக்காகச் சித்திக்குப் பின்னால் இருந்த ஜன்னலைத் திறக்கப் போன நான் திரும்புவதற்குள் படம் எடுத்துவிட்டார்.

படத்தில் சித்தியின் ஒவ்வொரு நரைமுடியும் தெரிந்தது. வெகுநேரம் பார்த்தாள்.

"பின்னாடி மங்கலா நிக்கிறது யாரு?"

"நான்தான் சித்தி."

"அய்யோ பாவம்! ஏங்க, இவளையும் தெளிவா ஒண்ணு எடுங்க."