யன்னலில் என் விலா எலும்புகள்

கிணற்றடிப் பாசியில் வழுக்கி, தொட்டி விளிம்பில் விலா அடிபட விழுந்தேன். அதற்கு முதல் நாள் பின்னேரந்தான், "இந்த முறை தோட்டத்திலை வெங்காயம் கிண்ட நான் வரமாட்டன், இடுப்பு முறியுது" என்று கணவரோடு சண்டை பிடித்திருந்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். விழுவதற்கு அதைவிடக் கெட்ட நாள் வாய்த்திருக்காது.

ஆசுப்பத்திரியில் நெஞ்சை எக்ஸ்ரே படம் பிடித்தார்கள். கணவர் மருந்து எடுக்க வரிசையில் நின்றபோது, என் மகள் வயதுள்ள டொக்டர் பிள்ளை படத்தைப் பார்த்துவிட்டு விலாவில் மெல்ல விரல் வைத்தது. உயிர் போய் வந்தது.

"உடைஞ்சிருக்கெண்டுதான் நினைக்கிறன் அம்மா. ஆனா படத்திலை தெரியேல்லை. விலா வெடிப்பு கனபேருக்கு இதிலை பிடிபடாது."

"பிறகேன் எடுத்தனீங்கள்?"

"நுரையீரலைப் பாக்க. காத்து ஒழுகியிருக்கோ, ரத்தம் சேர்ந்திருக்கோ எண்டு. அப்பிடி ஒண்டுமில்லை."

"அப்ப சீ.ரீ. ஸ்கான் எடுங்கோவன். அதிலை தெரியுந்தானே?"

"ஓம், கூடத் தெரியும். தெரிஞ்சாலும் உங்களுக்குத் தாறது இதே நோவுக் குளிசைதான். சும்மா ஏன் எக்ஸ்ரே கதிர் உடம்பிலை பட வேணும்? மூச்சு முட்டினா, காய்ச்சல் வந்தா உடனை வாங்கோ, அப்ப எடுப்பம். நோவுக்குப் பயந்து மூச்சை மட்டும் அடக்காதேங்கோ. நல்லா இழுத்து விடுங்கோ."

பிள்ளை சொன்னது சரிதான். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது மருந்தல்ல, சாட்சி. ஓட்டோவில் வரும் வழியெல்லாம் கணவருக்கு முழுவதையும் சொன்னேன். 'படத்திலை தெரியேல்லை' என்பது மட்டும் அவர் காதில் விழுந்தது.

எங்கள் ஊரில் ஒருவர் படுத்தால் பிஸ்கற் பெட்டியோடு சுகம் பார்க்க வருவார்கள். வருகிறவர்கள் என்னைப் பார்க்குமுன் படத்தைத்தான் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் உறையைத் தேடி அலுத்துப்போய், அவர் அதைக் கட்டிலருகே யன்னல் கண்ணாடியில் ஒட்டிவிட்டார். அவரின் அக்கா, என் மச்சாள், நெடுநேரம் நின்று பார்த்தா.

"எல்லாம் வடிவா வரிசையாக் கிடக்குது. ஒண்டும் உடையேல்லையே" என்றா. பிறகு வெங்காயம் கிண்டப் போனா.

அவரும் கூடையை எடுத்துக்கொண்டு பின்னாலே போனார். எனக்கு அழுகை வந்தது. அழுதால் விலா நோகும் என்பதால் அதையும் விழுங்கினேன்.

குளிசை போட்டால் உடம்பு மிதக்கும். வெயில் மேற்கே சாயும்போது படத்தின் ஊடாக வெளிச்சம் நிலத்தில் விழும். எலும்பு இருந்த இடங்களில் மட்டும் வெளிச்சம், மற்றதெல்லாம் நீல நிழல். என் விலாக்கள் சீமெந்துத் தரையில் ஊர்ந்து, கட்டில் காலில் ஏறி, போர்வையில் வந்து படுக்கும். நான் எங்கே கிடக்கிறேன், அங்கேயா இங்கேயா என்று தெரியாமல் கண் சொருகும். தோட்டத்திலிருந்து வெங்காய மணம் வரும். அந்த நேரங்களில் எனக்கே ஐமிச்சம் வந்தது. மெய்யாக ஒன்றும் உடையவில்லையோ, வேலைக்குக் கள்ளப்பட்டுத்தான் கிடக்கிறேனோ என்று. அதுதான் நோவைவிடக் கொடுமை.

அப்படி ஒரு பின்னேரம் இருமல் வந்தது. இருமும்போது அணைத்துப் பிடிக்கும் தலையணை கீழே விழுந்துவிட்டது. தோட்டத்து மண் காயாத கையோடு உள்ளே வந்தவர், வேறு வழி தெரியாமல் உள்ளங்கையை என் விலாவில் வைத்துத் தாங்கினார். இருமினேன். உள்ளே நறுக்கென்று ஏதோ அசைந்தது. எனக்கு அது பழகிய அசைவு. அவர் கை அப்படியே நின்றது.

"இதென்ன?"

"அதுதான்."

படத்தின் வெளிச்சக் கோடுகள் அவர் கைக்கு மேலே கிடந்தன, ஒன்றும் முறியாமல். அவர் யன்னலைப் பார்த்தார், பிறகு என்னை.

"இவ்வளவு நாளும் இதோடையோ கிடந்தனீர்?"

அவர் எழும்பிப் போய்ப் படத்தைக் கழற்றி, அலுமாரிக்கு மேலே போட்டார்.

கொஞ்சத்தில் மச்சாள் தோட்டத்தால் வந்து, வாசலில் கால் கழுவியபடி கேட்டா.

"நாளைக்கெண்டாலும் எழும்புவாவோ? படத்திலை ஒண்டுமில்லையெல்லோ?"

"உடைஞ்சுதான் கிடக்கு, அக்கா" என்றார் அவர். "என்ரை கையிலை பட்டது."

நோவு குறையவில்லை. ஆனாலும் டொக்டர் பிள்ளை சொன்னபடி அன்றைக்குத்தான் முதன்முதல் மூச்சை முழுதாக இழுத்து விட்டேன்.